அமாவாசைக் கட்டங்கள்

ராஜாராமுக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. போடியில் கல்லூரித் தாவரவியல் வாத்தியார் அவர். மூன்று மாதத்துக்கொரு முறை வரும் ‘மலைப்பயிர் ஆய்வு’ பத்திரிகைக்கும் அவர்தான் ஆசிரியர். சம்பளமில்லாத சோலி, ஆனால் நிம்மதியைத் தின்கிற சோலி. 1980ஆம் வருட ஆனி இதழுக்கு ஒரே ஒரு கட்டுரைதான் பாக்கி. அதை அச்சுக்குக் கொடுக்க மனசு வராமல் வீட்டுக்கும் வெள்ளைத்துரையின் அச்சகத்துக்கும் நடையாய் நடந்துகொண்டிருந்தார்.

கட்டுரையை அனுப்பியவர் மதுரைப் பேராசிரியர் கண்ணுச்சாமி, பத்திரிகைக் குழுவின் தலைவர். ஏலம் பூக்கிற காலத்தில் காலையில் மருந்தடித்தால் தேனீ சாகும், தேனீ செத்தால் காய் பிடிக்காது, அதனால் சாயங்காலம் அடியுங்கள் என்பதுதான் சங்கதி. மூன்று வருடம் பூக்காலத்தில் நாள்தோறும் தேனீயை எண்ணிய அட்டவணையும் கூட இருந்தது. அதில் மாதத்துக்கு ஒரு கட்டம் காலி.

அந்தக் காலிக் கட்டங்களை ராஜாராம் முன்பே பார்த்திருக்கிறார்.

போன வருடம் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கங்காணியாக இருக்கும் மொக்கச்சாமி, இதே சங்கதியைக் கோடு போட்ட நோட்டில் எழுதி அனுப்பியிருந்தார். எட்டாவது படித்த மனிதர். கட்டங்கள் ஏன் காலி என்று ராஜாராம் கேட்டதற்குக் கார்டு போட்டார்: ‘அமாவாசையன்று நாங்கள் ஏலக்காட்டுக்குள் கால் வைக்க மாட்டோம். சாமி உலாவுகிற நாள்.’

வழக்கப்படி நோட்டை ஒரு நிபுணரின் மதிப்பீட்டுக்கு அனுப்பினார். யாருக்கு அனுப்பினோம் என்று எழுதியவருக்குச் சொல்லக் கூடாது; அது தொழில் மரியாதை. போனது கண்ணுச்சாமிக்கு. ‘ஆய்வு முறை தெரியாதவர் கிறுக்கியது, திருப்பிவிடவும்’ என்று பதில் வந்தது. பெரிய இடத்துச் சொல்லாயிற்றே! ராஜாராமும் ‘புதிதாக ஏதுமில்லை’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, நோட்டைத் திருப்பிவிட்டார். அட மடையா!

இப்போது மேசையைக் குடைந்ததில் அந்தக் கார்டு கிடைத்தது. மதுரைப் பேராசிரியர் எந்தச் சாமிக்குப் பயந்து அமாவாசைக்கு அமாவாசை எண்ணாமல் இருந்தாராம்? நோகாமல் நொங்கு தின்கிற வித்தையைப் பாருங்கள். கட்டுரையின் தட்டச்சுத் தாள்களைச் சுருட்டிக்கொண்டு குரங்கணி ஜீப்பில் தொற்றினார். அங்கிருந்து மேலே நடை.

மொக்கச்சாமி தோட்டத்தில்தான் இருந்தார்.

“அண்ணே, அந்த நோட்டைக் கொஞ்சம் கொண்டாங்க.”

“அது எங்கிட்டு சார் இருக்கு? காய் காயவைக்கிற அடுப்புல போட்டுட்டேன். புதுசா ஒண்ணுமில்லைன்னு நீங்கதான எழுதியிருந்தீக. படிச்சவுக சொன்னா சரியாத்தான் இருக்கும்னு எண்றதையும் விட்டுட்டேன்.”

ராஜாராம் சுருட்டிய தாள்களைப் பிரித்தார்.

“அச்சுல வந்தா சாயங்காலம் மருந்தடிக்கிறேன்னு முதலாளி வாக்குக் குடுத்திருந்தாரு. வரல.” மொக்கச்சாமி செடியடியில் தரையோடு கிடந்த பூச்சரத்தைத் தூக்கிக் காட்டினார். “பூத்ததெல்லாம் கொட்டிருச்சு, காயே பிடிக்கல. நாளன்னைக்குக் காலம்பற மறுபடி மருந்து. மிச்சத் தேனீயும் அம்புட்டுத்தான்.”

ராஜாராம் தாள்களை நீட்டினார். மொக்கச்சாமியின் விரல் கட்டம் கட்டமாக இறங்கியது.

“இது நான் எண்ணுனதாச்சே! இந்தாருக்கு, பதினேழு. அன்னிக்குத் தூத்தல், அதான் கொறச்சல். ஒண்ணுவிடாம இருக்கு சார். யாரு டைப் அடிச்சது?”

“உங்க நோட்டைப் பாக்கச் சொல்லி நான் அனுப்புனேன்ல, அந்தப் பேராசிரியர்.” தொழில் மரியாதை அந்த மலையிலேயே செத்தது.

மொக்கச்சாமி தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். “அமாவாசைக்கு நாங்கதான காட்டுக்குள்ள போகக் கூடாது. அவரு போயி எண்ணியிருக்கலாமே சார்” என்றார். பிறகு, “பேரு கெடக்குது. மருந்தை நிப்பாட்டுங்க” என்றார்.

சாயங்காலம் அச்சகத்தில் ராஜாராம் சிவப்புப் பென்சிலால் கண்ணுச்சாமியின் பெயரை அடித்தார். மேலே மொக்கச்சாமி என்று எழுதினார். அடியில் ஒரு குறிப்பும் சேர்த்தார். வெள்ளைத்துரைக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“சார், தலைவரு பேரை அடிச்சா அடுத்த இதழுக்கு நீங்க ஆசிரியரா இருக்க மாட்டீக.”

“இருக்க மாட்டேன். நீ வெரசா அச்செழுத்தைக் கோத்து முடி துரை.”

மறுநாள் மத்தியானம் மை காயாத முதல் பிரதியைத் தானே சுமந்துபோய் எஸ்டேட் முதலாளியிடம் நீட்டினார். அவர் கட்டுரையை முழுசாகப் படித்தார். அடிக்குறிப்பை வாய்விட்டு வாசித்தார்: “காலிக் கட்டங்கள் அமாவாசை நாள்கள், எண்ணியவர் அன்று காட்டுக்குள் போவதில்லை. போன வருடமே வந்திருக்க வேண்டிய கட்டுரை இது. திருப்பி அனுப்பியது பத்திரிகையின் குற்றம்.”

நிமிர்ந்தார். “போன வருசமே வந்திருந்தா இம்புட்டுக் காய் போயிருக்காதே. எந்தப் புண்ணியவான்யா திருப்பி அனுப்புனது?”

“நான்தான்” என்றார் ராஜாராம்.

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாசலில் நின்ற கங்காணிக்குக் குரல் கொடுத்தார். “மொக்கச்சாமி, நாளைக்குக் காலம்பற மருந்தைத் தொட வேணாம்ப்பா. சாயங்காலம் பாத்துக்குவோம்.”