புகை ஏறின பூண்டு

கந்தவேல் ஊரிடம் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். மதுரையில் மகள் என்ன படிக்கிறாள் என்று யார் கேட்டாலும், "டீச்சருக்கு" என்று சொல்லிவிடுவார்.

உண்மையில் சோலையம்மாள் படித்தது பி.ஏ. சரித்திரம், சமூகவியலோடு குற்றவியலும் சட்டமும் அதில் சேர்த்தி. முதல் லீவில் வந்து அவள் அதைச் சொன்னபோது கந்தவேலுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"திருட்டுப் பயலுகளப் பத்தியா படிக்கிற?"

"திருடுறவன் ஏன் திருடுறான், திருடாதவன் ஏன் மாட்டிக்கிறான், ரெண்டுந்தாம்பா."

பொம்பளைப் பிள்ளைக்கு இது ஒரு படிப்பா! மலைமேல் இருக்கும் மேற்காட்டில் வெளியே சொன்னால் சிரிப்பாய்ச் சிரித்துவிட மாட்டார்களா? பூண்டும் உருளைக்கிழங்கும் தவிர வேறு பேச்சில்லாத ஊருக்குக் குளிர்காலம் முழுவதும் பேச இது ஒன்று போதுமே. ஆகவே டீச்சர். மற்றபடி மகள்மேல் அவருக்குப் பெருமைக்குக் குறைச்சலே இல்லை. ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டும் என்றாலும், "எம்மக எழுதுவா" என்று வலியப் போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். கைநாட்டாக இருந்த அவருக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான்.

எண்பத்துநாலு ஏப்ரலில் ஒரு நாள். மறுநாள் காலை சோலைக்கு மதுரையில் பரீட்சை. வெள்ளனே கிளம்பி அப்பாவும் மகளும் இரண்டு மூட்டைப் பூண்டோடு சந்தைமேட்டில் இறங்கினார்கள். பூண்டை விற்றுவிட்டு, பதினோரு மணி பஸ்ஸில் மகளை ஏற்றிவிடுவதாக ஏற்பாடு. மூட்டையை இறக்கி வைத்து முதுகை நிமிர்த்தக்கூட இல்லை, கடைக்காரர் தண்டாயுதபாணி ஓடிவந்து சாக்கைப் பிடித்துக்கொண்டார். சாக்கில் அவர் கடையின் சிவப்பு முத்திரை பளிச்சென்று இருந்தது.

"ஏங் கிட்டங்கியில ரெண்டு மூட்ட பூண்டக் காணோம்னு விடிஞ்சதுல இருந்து தேடுறேன். இந்தா கெடக்குல்ல!"

மலையில் எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் கடைச் சாக்குதான் கிடக்கும். காலிச் சாக்கைக் கொடுத்து அனுப்புகிறவரே அவர்தான். ஆனால் கூட்டம் கூடின இடத்தில் அதையெல்லாம் யார் யோசித்தார்கள்? மூட்டையும் கந்தவேலும், பின்னாலேயே கடைக்காரரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சோலையைத் துணிப்பெட்டியோடு வெளியே நிற்க வைத்துவிட்டார்கள்.

மேற்காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஊர்க்கூட்டத்தில் ஒருவன்மேல் குற்றம் சொன்னால், செய்தானோ இல்லையோ, "தப்புத்தாங்க" என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிடுவான். பெரியவர்கள் வெற்றிலையைக் கையில் கொடுத்து எழுப்பிவிடுவார்கள். அதோடு சரி. மறுநாள் கொடுக்கல் வாங்கல், சிரிப்பு, கிண்டல் எல்லாம் பழையபடி. நான் செய்யவில்லை என்று மல்லுக்கு நிற்கிறவனுக்குத்தான் இழுபறி.

கந்தவேல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து இருபது. இங்கே வழக்குப் பேசிக்கொண்டிருந்தால் பிள்ளை பரீட்சையை விட்டுவிடுவாள். மனுஷர் யோசிக்கவே இல்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தடாலென்று விழுந்தார்.

"தப்புத்தாங்க ஏட்டையா."

ஏட்டு மயில்சாமிக்குச் சந்தோஷம். வேலை இத்தனை சுலபமாக முடியும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மளமளவென்று எழுதித் தாளைத் திருப்பி வைத்தார்.

"கைநாட்டா, கையெழுத்தாய்யா?"

"கையெழுத்துங்க" என்றார் கந்தவேல். அந்த நிலைமையிலும் குரலில் ஒரு மிடுக்கு.

பேனாவை வாங்கித் தாள்மேல் வைக்கப்போகிறார், வாசலிலிருந்து சோலையின் குரல் வந்தது.

"அப்பா, பேனாவக் கீழ வைங்க."

"நீ பஸ்ஸப் பிடி தாயி. ஒரு கையெழுத்துல சோலி முடிஞ்சிரும்."

"முடியாதுப்பா. இது நம்ம ஊர்க்கூட்டம் இல்ல. இங்க விழுந்தா யாரும் வெத்தல குடுத்து எழுப்ப மாட்டாங்க. சாகுற வரைக்கும் திருடன்னுதான் எழுதி வச்சிருப்பாங்க."

"பஸ்சு போயிரும்த்தா. பரீட்ச..."

"போகட்டும். இதத்தாம்ப்பா நாளைக்கும் எழுதப் போறேன். இங்க சொல்ல வாயில்லன்னா அங்க எழுதி என்ன பிரயோசனம்?" என்றவள் ஏட்டுப் பக்கம் திரும்பினாள். "ஐயா, விசாரணையில எழுதுற வாக்குமூலத்துல கையெழுத்து வாங்கக் கூடாதுங்க. குற்றவியல் நடைமுறைச் சட்டம், நூத்தி அறுபத்திரெண்டு. போலீஸ்கிட்ட குத்தத்த ஒத்துக்கிட்டாலும் கோர்ட்டுல செல்லாதுங்க. சாட்சியச் சட்டம், இருபத்தஞ்சு."

ஏட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. "யாருய்யா இது?"

"எம்மகங்க. டீச்சருக்குப்..." என்று இழுத்தார் கந்தவேல்.

உள்ளறையிலிருந்து எஸ்.ஐ. எழுந்து வந்தார். சின்ன வயசுக்காரர். "பொண்ணு சொல்ற சட்டம் சரிதான்யா" என்று ஏட்டிடம் சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். "ஆனா சாக்குல அவர் முத்திரை இருக்கேம்மா?"

"சாக்கு அவரோடதுதாங்க. அவர் காணோம்னு சொன்னது சாக்க இல்லையே, பூண்டத்தான?" சோலை கடைக்காரரிடம் கேட்டாள். "காணாமப் போன பூண்டு நீங்க எப்ப வாங்குனதுங்க?"

"போன வாரம். புதுப் பூண்டு, மண்ணு காயாத பூண்டு."

"அடுப்புக்கு மேல பரண்ல போட்டு வச்சீங்களா?"

"ஏங் கிட்டங்கியில அடுப்பு ஏதும்மா?"

"சார், உங்க கர்ச்சீப்பக் கொஞ்சம் குடுக்குறீங்களா?"

எஸ்.ஐ. வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். சோலை மூட்டையைப் பிரித்து ஒரு பிடிப் பூண்டை எடுத்து அழுத்தித் துடைத்தாள். கைக்குட்டையில் கரி அப்பியது. புகை நெடி அந்த அறை முழுக்க ஏறியது. எதிர்க்கடையிலிருந்து ஒரு கைப்பிடி புதுப் பூண்டு கொண்டுவரச் சொல்லி அதையும் மறுமுனையில் துடைத்தாள். வெறும் செம்மண்.

கந்தவேல் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அட, தெரியாதா அவருக்கு! கெட்டுப்போகாமல் இருக்க மூன்று மாசம் அடுப்புக்கு மேலே பரணில் புகை குடித்த பூண்டு. கண் எரிய எரிய அந்த அடுப்பை ஊதியவள் அவர் பெண்டாட்டி பிச்சையம்மாள். எல்லாம் தெரிந்திருந்தும் வாயைத் திறந்து சொல்லத் தோன்றவில்லையே என்று தன்மேலேயே அவருக்கு ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்துக்கும் மேலே பெருமை பொங்கி வந்தது. எம்பிள்ளை, எம்பிள்ளை என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டார்.

தண்டாயுதபாணி தொண்டையைச் செருமினார். "சரி விடுங்க. ஏதோ ஆத்திரத்துல சொல்லிட்டேன். சமாதானமாப் போயிருவோம். மூட்டைய எடுத்துக்கங்க."

மேற்காட்டு வழக்கப்படி இதோடு எல்லாரும் எழுந்து போக வேண்டியதுதான். சோலைகூடப் பெட்டியைத் தூக்கிவிட்டாள். கந்தவேல் நகரவில்லை. இடுப்புத் துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அதெப்படிங்க? திருடன்னு சொன்னது தாள்ல கெடக்கு. இல்லன்னும் தாள்ல வரணும். அதுல ஒரு நகலு எங்கையில வேணும்."

சோலை அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். இதை அவள் சொல்லிக் கொடுக்கவில்லை.

எஸ்.ஐ. சிரித்துவிட்டார். பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு ஏட்டையே எழுதச் சொன்னார். கடைக்காரர் கையெழுத்துப் போட்டார். மூட்டைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன் என்ற வரிக்குக் கீழே கந்தவேலும் போட்டார், அரைப் பக்கத்துக்கு.

பதினோரு மணி பஸ் போய்விட்டது. பூண்டை வேறு கடையில் போட்டுவிட்டு, இரண்டு மணி பஸ்ஸில் மகளோடு அவரும் ஏறிக்கொண்டார். எதற்கு வருகிறீர்கள் என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியவில்லை. முதல் கொண்டை ஊசி வளைவிலேயே மடியிலிருந்து தாளை எடுத்து நீட்டினார்.

"வாசி தாயி. கொஞ்சம் சத்தமா."

மூன்று தரம் வாசித்தாயிற்று. பின் சீட்டிலிருந்து மேற்காட்டுச் சின்னக்கருப்பன் எட்டிப் பார்த்தார். "என்ன மாமா, டீச்சரம்மா பாடம் நடத்துதா?"

கந்தவேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"டீச்சர் இல்லய்யா. எம்மக படிக்கிறது குற்றவியலு. குற்றவியலும் சட்டமும்! ஊருல போய்ச் சொல்லு."

"யோவ், வளைவு வருது, உக்காருய்யா" என்று கண்டக்டர் கத்தினார்.

கந்தவேல் உட்காரவில்லை.

"இன்னொரு தரம் வாசி தாயி. கண்டக்டருக்குச் சரியாக் கேக்கல."