வீப்கேயின் சாப்பாட்டுச் செலவு

நான்கு பேர் இருக்கும் வீட்டில் ஐந்தாவதாக ஒருத்தி வந்தால் சாப்பாட்டுச் செலவு கால் பங்கு ஏறலாம். தாராளமாக மூன்றில் ஒரு பங்கு என்றே வைத்துக்கொள்வோம். டீகன் வீட்டில் அது ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. வீட்டைச் சூடாக்கும் கேஸும் அதோடு போட்டி போட்டு ஏறியது. வந்த பெண்ணோ ஒல்லிக்குச்சி. இவ்வளவையும் அவள் எங்கே வைத்துக்கொள்கிறாள் என்பதுதான் டீகனுக்குப் புரியவில்லை.

வீப்கே வடக்கு ஜெர்மனிக்காரி, இருபது வயது. ஓ-பேர் ஆக வந்திருந்தாள். அதாவது, வீட்டிலேயே தங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். பதிலுக்கு அறை, சாப்பாடு, வாரம் இருநூற்றைம்பது டாலர் கைச்செலவுக்கு. ஆஸ்திரேலியாவின் தென்கரை ஊரான வார்ணம்பூலில் பிள்ளைகள் காப்பகம் மாலை ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவிடும். டீகனுக்கு ஆம்புலன்ஸில் இரவு வேலை. அவள் கணவன் ரோவன் பால் கறக்கும் இயந்திரம் பழுதுபார்ப்பவன். இயந்திரம் விடியலுக்கு முன்னால்தான் மக்கர் செய்யும், மாடு காத்திருக்காது, அவன் ஓடியாக வேண்டும். ஆகவே வீட்டில் மூன்றாவதாக ஒரு பெரிய ஆள் தேவைப்பட்டது.

டீகன் கணக்குப் போட்டுத்தான் இறங்கினாள். இரவு வேலையால் வாரத்துக்குக் கூடுதலாக வருவது நானூற்றைம்பது. அதில் வீப்கேயின் கைச்செலவு போக இருநூறு மிஞ்சும். போனுக்கும் பெட்ரோலுக்கும் நாற்பது. சாப்பாட்டுக்கும் கேஸுக்கும் சேர்த்துக் கூடுதலாக நூற்றுப்பத்து. மிச்சம் ஐம்பது. பெரிய தொகையில்லைதான், ஆனால் இரண்டு வருடம் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுப் படித்துப் பிடித்த வேலை கையில் இருக்கும், அது போதும். இப்போது சாப்பாடும் கேஸும் மட்டும் கூடுதலாக இருநூற்றறுபது தின்றன. வேலைக்குப் போவதற்கு அவள் வாரம் நூறு டாலர் கைக்காசு போட்டுக்கொண்டிருந்தாள். இந்த மாதத்துக்குள் சரியாகாவிட்டால் வீப்கே வேறு வீடு பார்க்க வேண்டும். டீகன் பழைய கிளினிக் மேசைக்கே திரும்பி, பகல் முழுக்க டோக்கன் கொடுக்க வேண்டும்.

“சாப்பாட்டையெல்லாம் சூட்கேஸ்ல அடுக்கி ஊருக்கு அனுப்பறாளோ என்னவோ,” என்றான் நெவில். ஆம்புலன்ஸில் அவளோடு வண்டி ஓட்டுபவன்.

“ரோவன் சுடற ஆட்டுத்தொடையையா?”

“ஜெர்மன்காரங்க, நல்லா பேக் பண்ணுவாங்க.”

“நீ ரோட்டப் பாத்து ஓட்டு.”

வீட்டில் சமையல் ரோவன். விருந்தாளி என்றால் அவனுக்குக் கை கட்டுக்கடங்காது. அடுப்பில் வாட்டிய முழு ஆட்டுத்தொடை, உருளைக்கிழங்கு, பூசணி, பட்டாணி, மேலே ஊற்றக் குழம்பு, முடிவில் கிரீம் போட்ட ஒரு இனிப்பு. முன்பு கிறிஸ்துமஸுக்கும் அவன் அம்மா வரும்போதும் மட்டும் நடந்த வைபவம் இப்போது தினமும் நடந்தது.

“வீப்கே, இன்னொரு துண்டு?”

“நன்றி ரோவன். சந்தோஷமா.”

“பாத்தியா, பசியோடதான் இருந்திருக்கா பாவம்,” என்று ரோவன் அடுக்களையில் டீகனிடம் கிசுகிசுத்தான். மறுநாள் இன்னும் பெரிய தொடை வாங்கினான்.

கேஸ் கதை இன்னும் விசித்திரம். அந்த வீட்டில் உட்கூரைக்கு மேலே ஓடும் குழாய்கள் வழியாகச் சூடான காற்று ஒவ்வொரு அறைக்கும் வரும். எவ்வளவு வர வேண்டும் என்பதை முடிவு செய்வது நடைவழிச் சுவரில் இருக்கும் ஒரே ஒரு தெர்மோஸ்டாட். நடைவழி குளிர்ந்தால் கேஸ் உலை எரியும், சூடேறினால் அணையும். எளிய ஏற்பாடு. ஆனால் வீப்கே வந்ததிலிருந்து உலை அணைந்த மாதிரியே தெரியவில்லை. அங்கே ஜூலைதான் குளிர்காலம், கடலிலிருந்து காற்று அடிக்கிறது, சரி. போன ஜூலையிலும் அதே காற்றுதானே அடித்தது?

“அந்தப் பொண்ணு வீட்டுக்குள்ளயே கம்பளிச் சாக்ஸ் போட்டுட்டுத் திரியுது. குளிருது போல,” என்று ரோவன் தெர்மோஸ்டாட்டை இருபதிலிருந்து இருபத்துமூன்றுக்குத் திருகினான்.

அந்தச் சனிக்கிழமை வீப்கே சிநேகிதிகளோடு கடற்கரைப் பக்கம் ஊர்சுற்றப் போனாள். டீகனுக்கு இது நல்ல சோதனையாகப் பட்டது. அவள் இல்லாத இரண்டு நாளில் என்ன செலவாகிறது என்று பார்த்தாள். கிட்டத்தட்ட ஒன்றுமே ஆகவில்லை. டப்பா பீன்ஸும் ரொட்டியும் முட்டையுமாக நான்கு பேரும் சாப்பிட்டார்கள். உலையை அணைத்தே வைத்தார்கள். ஆளுக்கொரு ஸ்வெட்டர் போட்டு சோபாவில் ஒண்டிக்கொண்டார்கள்.

“பொண்ணு போச்சு, செலவும் போச்சு,” என்றான் ரோவன் வருத்தமாக. “நல்ல பொண்ணுதான். ஆனா கட்டுப்படியாகல ம்மா.”

“நீயே சொல்லேன் அவகிட்ட.”

“நானா? வெள்ளிக்கிழமைதான் சாசேஜ் சுட்டுக் குடுத்தேன். என் வாயால எப்படிச் சொல்ல?”

ஆக, திங்கட்கிழமை மாலை சொல்ல வேண்டியவள் டீகன். மேசையின் நடுவில் கோழி ஆவி பறந்துகொண்டிருந்தது. ஆறு வயது மேவ் தன் பட்டாணிகளை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தாள். தம்பி தூங்கிவிட்டான்.

“வீப்கே,” என்று டீகன் தொண்டையைச் செருமினாள், “சாப்பாட்டைப் பத்திக் கொஞ்சம் பேசணும்.”

வீப்கேயின் முகம் சிவந்தது. முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

“தெரிஞ்சுபோச்சா?”

“என்ன தெரிஞ்சுபோச்சா?”

“என்னால முடியல டீகன். மன்னிச்சிருங்க. நான் வந்ததுல இருந்து நாலு கிலோ ஏறிட்டேன். கொண்டுவந்த பேன்ட் ஒண்ணுக்கும் பொத்தான் போட முடியல.”

ரோவனின் கையில் குழம்புக் கரண்டி அந்தரத்தில் நின்றது.

“அப்ப வேணாம்னு சொல்லவேண்டியதுதானே?”

“என்னை அனுப்பின ஏஜென்சில சொன்னாங்க. ஆஸ்திரேலியாக்காரங்ககிட்ட நேரா வேணாம்னு சொல்லாதே, மனசு கஷ்டப்படுவாங்கன்னு. நீங்க தினமும் இதத்தான் சாப்பிடுறீங்கன்னு நெனச்சேன். எங்க வீட்ல ராத்திரி ரொட்டியும் சீஸும்தான். அடுப்பே பத்தவைக்க மாட்டோம்.”

“எங்க வீட்லயும் பீன்ஸ்தான்,” என்றாள் மேவ். “நீ வந்தப்புறம்தான் அப்பா இப்படி ஆயிட்டாரு.”

“ஏய், பட்டாணியத் தின்னு,” என்றான் ரோவன்.

டீகன் ரோவனைப் பார்த்தாள். சோதனையில் என்ன பிசகு என்று அப்போதுதான் உறைத்தது. அந்த இரண்டு நாளும் வீப்கே மட்டும் போகவில்லை. கூடவே ஆட்டுத்தொடையும் போயிருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு மாறினால் எது காரணம் என்று சொல்ல முடியாது. நோயாளிக்கு இரண்டு மருந்தை ஒன்றாகக் கொடுத்துவிட்டு எது வேலை செய்தது என்று கேட்பது போல. இதை வேலையில் யாராவது செய்திருந்தால் அவளே திட்டியிருப்பாள். செலவானது வீப்கேக்காக என்றாலும், அதில் முக்கால்வாசியைத் தின்றது அவர்கள் நான்கு பேர். அவள் மறுக்கவில்லை என்பதால் இவன் கூட்டினான். இவன் கூட்டினான் என்பதால் அவள் இன்னும் மறுக்க முடியாமல் தின்றாள்.

“அப்ப கேஸ்?” என்றாள் டீகன். “குளிருதா உனக்கு?”

“குளிரா? என் ரூம் அடுப்பு மாதிரி இருக்கு. நாள் பூரா ஜன்னலையும் கதவையும் திறந்து வெச்சிருக்கேன்.”

“கம்பளிச் சாக்ஸ்?”

“தரை சில்லுனு இருக்கும்ல. ஊர்ல எல்லாரும் வீட்டுக்குள்ள போட்டுக்குவோம்.”

ரோவன் எழுந்து நடைவழிக்குப் போனான். இயந்திரக்காரன் அல்லவா, நின்று பார்த்ததும் புரிந்துகொண்டான். வீப்கேயின் அறை தெர்மோஸ்டாட்டுக்கு நேர் எதிரே. அவள் ஜன்னலைத் திறந்தால் குளிர்காற்று கதவு வழியாக வந்து தெர்மோஸ்டாட்டின் முகத்தில் அடிக்கும். வீடே உறைகிறது என்று நினைத்து அது உலையை எரிக்கும். உலையிலிருந்து முதல் குழாய் அவள் அறைக்குத்தான்; அறை வேகும். அவள் ஜன்னலை இன்னும் அகலமாகத் திறப்பாள். நடைவழியில் சிலிர்த்துப்போன ரோவன் வந்து எண்ணைக் கூட்டுவான். இப்படியே ஒரு மாதம் இரண்டு பேரும் மரியாதையாக வார்ணம்பூல் முழுவதையும் சூடாக்கியிருக்கிறார்கள்.

“பால் மெஷின்ல இப்படி இருந்தா ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருப்பேன்,” என்று முனகினான்.

“மெஷின் உன்கிட்ட நன்றி, சந்தோஷம்னு சொல்லாதுல்ல,” என்றாள் டீகன்.

வீப்கே தயங்கித் தயங்கிக் கேட்டாள். “அப்ப நான் போகணுமா?”

“உக்காரு. நீ போனா நான் டோக்கன் குடுக்கப் போகணும். அந்தக் கோழியை மட்டும் இனிமே நேரா வேணாம்னு சொல்லு.”

“வேணாம்,” என்றாள் வீப்கே. ரோவனுக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. பொறுத்துக்கொண்டான்.

மூன்று பேரும் அன்றைக்கே பேசி வைத்த ஏற்பாடு இது. வார நாளில் இரவுக்கு ரொட்டி, சீஸ், முட்டை, ஊறுகாய் போட்ட வெள்ளரிக்காய். அடுப்பு பற்றவைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும், அன்றைக்கு ஆட்டுத்தொடை, அவரவர் தட்டில் அவரவரே பரிமாறிக்கொள்ள வேண்டும். தெர்மோஸ்டாட் பத்தொன்பதுக்கு மேல் போகக் கூடாது. வீப்கேயின் அறையில் சூடான காற்று வரும் துவாரத்தை மூடிவிட்டு, ஜன்னலைத் திறக்கும்போது அறைக்கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். அடுத்த வாரம் சாப்பாட்டுக்கும் கேஸுக்கும் சேர்த்துக் கூடுதலாக நூற்றுப்பதினைந்து டாலர்தான் ஆனது. போட்ட கணக்கைவிட ஐந்துதான் கூட. இரவு வேலைக்குப் போனால் டீகனுக்கு வாரம் நாற்பத்தைந்து மிஞ்சும்.