இருபத்தொரு சென்டிமீட்டர்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் என்னுடையதல்ல. இத்தாலியில், ரெஜ்ஜோ பக்கம் நான் காப்பி குடிக்கும் கடையில் ஞாயிறு காலைகளில் கைக்கடிகார ரசிகர் மன்றம் கூடும். அதன் தலைவர் அல்ட்ரோவாந்தி தம் மணிக்கட்டைப் படமெடுத்து எனக்குக் காட்டினார். படத்தில் சுவர்க்கடிகாரம் போல் ஒன்று. நிமிர்ந்து கையைப் பார்த்தேன். சட்டைப் பொத்தான் அளவுக் கடிகாரம்.

2

முதல் வரிக்கு முயன்றவை:

'மலைச்சரிவில் பனி விலகியபோது எர்மெத்தே—' (சீஸ் கிடங்குக்குள் மலை தெரியாது.)

'ஒரு தகப்பனுக்கு ஒரே மகள், அவளுக்கு—' (வேண்டாம், தேவதைக் கதை வாடை.)

நேராகவே சொல்கிறேன். எர்மெத்தே முப்பத்தைந்து வருடமாக நாற்பது கிலோ சீஸ் உருளைகளைத் தூக்கிப் புரட்டுகிறவர். மணிக்கட்டின் சுற்றளவு இருபத்தொரு சென்டிமீட்டர். சனிக்கிழமை மகள் ஓரியெத்தாவின் கல்யாணம். தேவாலயத்துக்குள் தன்னை அழைத்துப்போகும்போது கட்டிக்கொள்ள அவள் ஒரு பரிசு தந்திருந்தாள்: அறுபதுகளில் பந்தயக் கார் ஓட்டிகள் கட்டிய குரோனோகிராஃபின், அதாவது நொடி அளக்கும் கைக்கடிகாரத்தின், இன்றைய நகல். முகத்தில் மூன்று குட்டி வட்டங்கள், விளிம்பில் இரண்டு பொத்தான்கள். குறுக்களவு முப்பத்தாறு மில்லிமீட்டர். பழசை அப்படியே நகலெடுத்தவர்கள் பழைய மணிக்கட்டையும் சேர்த்தே மனத்தில் வைத்திருக்கிறார்கள்.* வாரின் கடைசித் துளைக்கும் கொக்கிக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. அவர் மகளிடம் அதைச் சொல்லவில்லை.

(* அந்தக் காலத்து ஆட்கள் எல்லோரும் மெலிந்தவர்கள் என்பது தலைவரின் ஆராய்ச்சி. அவருடைய தாத்தாவின் படம் கடைச் சுவரில் தொங்குகிறது. வாசலையே அடைத்துக்கொண்டு நிற்கிறார்.)

3

தலைவர் தையல் நாடாவால் எர்மெத்தேயின் மணிக்கட்டை அளந்தார். படமெடுத்தார். தீர்ப்பளித்தார்.

"எர்மெத்தே, தப்பா நினைக்காதே. விகிதம்னு ஒண்ணு இருக்கு. இது பன்றித் தொடைமேல ஆலிவ் வெச்ச மாதிரி. என்னோட நாற்பத்திநாலு மில்லிமீட்டர் கடிகாரத்தை இரவல் தர்றேன், கட்டிக்கோ."

"மக குடுத்தது தலைவரே."

"மகளுக்கு விகிதம் தெரியுமா?"

கோப்பை துடைத்துக்கொண்டிருந்த கடைக்கார அம்மாள் நீவெஸ் திரும்பவே இல்லை. "தலைவரே, நீங்க ஃபோனைக் கடிகாரத்து மூக்குல இடிக்கிற மாதிரி வெச்சு எடுக்கறீங்க. கல்யாணத்துல எவன் இவரு கைக்கு முத்தம் குடுக்கற தூரத்துல நிக்கப் போறான்? ரெண்டு மீட்டர் தள்ளி நின்னு கண்ணாடியில பாக்கச் சொல்லுங்க."

மன்றத்தில் இதுவரை ஒருவருக்கும் தோன்றாத யோசனை. தலைவர் இருமினார்.

4

எழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. இருபத்தொன்றை அடித்துப் பதினேழாக்கினேன்.

உடனே கிடங்கு மங்கலாயிற்று. அடுக்கடுக்காக உருளைகள், உச்சிவரை, மஞ்சள் நிலாக்கள். எர்மெத்தே அவற்றினூடே மிதப்பதுபோல் நடந்தார். கடிகாரம் மணிக்கட்டில் அளவெடுத்ததுபோல் பொருந்தியிருந்தது. ஒரு நிலாவை எடுக்கக் கை நீட்டினார். உருளை அசையவில்லை. காகிதத்துக்கு வெளியே என்னைப் பார்த்தார்.

"ஐயா, இது யாரோட கை?"

"உங்களதுதான். அழகா இருக்கில்ல?"

"அழகாத்தான் இருக்கு. ஓரியெத்தா இதைப் பிடிச்சுக்கிட்டா நடக்கணும்?"

இருபத்தொன்றைத் திருப்பி எழுதினேன். என்னால் முடிந்தது, செருப்புத் தைப்பவரிடம் அவரை அனுப்பி நீளமான வார் ஒன்று வெட்டித் தரச் செய்தது மட்டும்தான்.

5

இரவல் கடிகாரம் கட்டுகிற முடிவை எழுதிக் கிழித்தேன். மகள் எதையும் கவனிக்காத முடிவையும் எழுதினேன். அவளை அறிந்த யாரும் நம்பமாட்டார்கள்.

ஆகவே சனிக்கிழமை காலை. எர்மெத்தே அலமாரிக் கண்ணாடியிலிருந்து இரண்டு மீட்டர் பின்வாங்கி நிற்கிறார். வார் எட்டிவிட்டது. கடிகாரம் சின்னதுதான், அகன்ற ஆற்றங்கரையில் கட்டிவைத்த படகு போல. அதைத் தன் கை பத்திரமாக வைத்திருப்பதாக அவருக்குப் படுகிறது. வாசலில் வெள்ளை உடுப்பில் ஓரியெத்தா, புது வாரையே பார்த்தபடி.

"அப்பா, உண்மையைச் சொல்லு. சின்னதா வாங்கிட்டேனா?"

தடுமாற்றத்தில் அவருடைய கட்டைவிரல் மேல் பொத்தானை அழுத்திவிட்டது. நொடி முள் ஓடத் தொடங்குகிறது. அவர் வாயைத் திறக்கிறார்.

மூன்று பதில்கள் எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். முள் இருபது நொடியைத் தாண்டுகிறது. ஓடவிட்ட பொத்தானேதான் நிறுத்தவும் செய்யும். வாசகரே, உங்கள் விரல் அவருடையதைவிட மெலிந்ததாகத்தான் இருக்கும். அவருக்காகப் பதிலைச் சொல்லிவிட்டு அழுத்துங்கள். அவள் கையை நீட்டிவிட்டாள்.