பச்சைப் பட்டை

நாடித்துடிப்பு எழுபத்தெட்டு என்று கருவி சொன்னது. பேச்சியம்மாளின் கை சில்லென்று வேர்த்து என் கைக்குள் நழுவியது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளைத்தாள் மாதிரி இருந்தது. எட்டு வருடமாக ஆம்புலன்ஸில் ஓடுகிறேன், அவருக்கு உள்ளே எங்கேயோ ரத்தம் போகிறது என்று என் மனசு சொல்லிவிட்டது. ஆனால் என் மனசைக் கேட்க யார் இருக்கிறார்கள்? இப்போதெல்லாம் எண்தான். மூச்சு, துடிப்பு, அழுத்தம், சூடு எல்லாவற்றையும் கருவியில் தட்டினால் ஆபத்து எவ்வளவு என்று அதுவே கூட்டிச் சொல்லிவிடும். ஐந்துக்கு மேல் போனால் உடனே டாக்டர் பார்க்கிற சிவப்பு அறை. பேச்சியம்மாளுக்கு இரண்டு.

அறுபத்தொரு வயது. செனாய் ஊர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது தலைசுற்றி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுத்தம் நூற்றெட்டு. போன மாதம் தொழிற்சாலையில் பார்த்தபோது நூற்றறுபது இருந்ததாம். அதைத் தட்ட அந்தக் கருவியில் கட்டமே இல்லை. மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேட்டேன்.

"நா மருந்தே தொட மாட்டேன் மிஸி," என்றார். அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

கூலாயில் அவர் வீட்டிலிருந்து மருத்துவமனை வரைக்கும் அவர் இரண்டு முறை கொட்டாவி விட்டார். எனக்கு அந்தக் கொட்டாவி பிடிக்கவே இல்லை. ரத்தம் இழக்கிறவர்களுக்கு வருகிற கொட்டாவி அது.

அவசரப் பிரிவு வாசலில் நோயாளிகளைப் பிரித்து அனுப்புகிறவன் ரூபேந்திரன். என்னோடு படித்தவன். எண்ணைப் பார்த்தான், பச்சைப் பட்டையை எடுத்துப் பேச்சியம்மாளின் கையில் கட்டினான். பச்சை என்றால் நாற்காலி. நாற்காலி என்றால் மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம். கண்ணைப் பார், கையைத் தொட்டுப் பார் என்றேன். ரப்பர் தோட்டத்து ஆண்ட்டிகள் எல்லாருக்கும் ரத்தம் கம்மிதான் என்றான். கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது.

பக்கத்தில் அவர் கணவர் அய்யாவு, அரசாங்க கிளினிக்கில் கொடுத்த மருந்துப் பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்த்து அவரே எனக்கு ஆறுதல் சொன்னார்.

"பயப்படாதீங்க மிஸி. விடிகாலையில அவளுக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சிச்சு. என்னோட இருதய மாத்திரையில ரெண்டு குடுத்தேன். இப்ப அடங்கிருச்சி."

பையை வாங்கிப் பார்த்தேன். துடிப்பைக் குறைக்கிற மாத்திரைதான். ரத்தம் போகப்போக நூற்று முப்பதில் ஓடியிருக்க வேண்டிய நெஞ்சைப் பிடித்துக் கட்டிவைத்து, ஒன்றுமே இல்லாத மாதிரி எழுபத்தெட்டு என்று காட்டியிருக்கிறது. பேச்சியம்மாள் பொய் சொல்லவில்லை. அது அவருடைய மருந்து இல்லையே. எங்கள் வீடுகளில் மாத்திரை சீனி, காப்பித்தூள் மாதிரி, யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்வார்கள். என் அம்மாவும் அப்படித்தான். அது தெரிந்திருந்தும் நான் கேள்வியைத் தப்பாகக் கேட்டேன். தப்பாகக் கேட்டவளுக்கு ஒரு எண் கிடைத்தது, அந்த எண்ணை நம்பி ஒரு மனுஷியை நாற்காலியில் உட்காரவைக்கப் பார்க்கிறார்கள். அவரவர் மருந்தை அவரவர் மட்டும் சாப்பிடுகிற ஊரில் உட்கார்ந்து எவனோ போட்ட கணக்கு இது.

ரூபேந்திரனிடம் மாத்திரை அட்டையை நீட்டிச் சொன்னேன். அவன் முகம் கொஞ்சம் மாறியது. ஆனாலும் கை கணினித் திரையை விட்டு நகரவில்லை.

"நம்பர் ரெண்டு லா, லோஷினி. நாளைக்கு ஏன் சிவப்புல போட்டேன்னு என்னைத்தான கேப்பாங்க?"

"நாளைக்கு இவங்க இருக்கணும்ல?" என்றேன்.

அட்டையை அய்யாவு கையில் திணித்துவிட்டுச் சக்கரக் கட்டிலைத் திருப்பினேன். பச்சைப் பட்டையோடேயே சிவப்பு அறைக் கதவை முட்டித் தள்ளினேன். பின்னால் ரூபேந்திரன் என் பெயரைக் கூப்பிட்டான். உள்ளேயிருந்த டாக்டர் சுகந்தினி எரிச்சலோடு நிமிர்ந்து எண்ணைக் கேட்டார். நான் எண்ணைச் சொல்லவில்லை. பேச்சியம்மாளின் இமையை இழுத்துக் காட்டினேன். டாக்டர் எழுந்து வந்தார். அதற்குள் பேச்சியம்மாளின் தலை ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. கருவி மட்டும் எழுபத்தாறு என்றது.

என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். அய்யாவு கதவுக்கு நேராக நின்றுகொண்டிருந்தார்.

"நா குடுத்தது தப்பா மிஸி?"

அவர் மாத்திரை அட்டையைத் திருப்பி, கிழிந்திருந்த வெள்ளித்தாளைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து, காலியான இரண்டு குழிகளையும் மூடிக்கொண்டிருந்தார்.