பதினேழு இறாத்தல்

“அப்பா ரெண்டு மணிக்கே வந்து படுத்துட்டாரு. நீ வெளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வந்த. அப்புறம் ஏம்மா அப்பாவுக்குக் கூடக் காசு?”

நேசராணி இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. அன்று சம்பள நாள். அடுப்பை ஊதிக்கொண்டிருந்த இருதயம்மா, “பேசாம ரொட்டியத் தின்னு” என்றாள். பதில் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் கூலியைப் பேர் என்பார்கள். ஆண் பேர் ஒரு விலை, பெண் பேர் அதிலும் குறைந்த விலை. செடிகளைக் கவ்வாத்து வெட்டும் அவள் கணவன் கபிரியேல் தனக்கு அளந்து விட்டதை முடித்ததும் லயத்து வீட்டுக்கு வந்துவிடுவான். கொழுந்து எடுக்கும் இருதயம்மாவுக்கு நாலரை மணி நிறுவை முடிந்தால்தான் பேர். மகளின் கேள்வி அவளுக்குள் ஏழு வருஷம் கிடந்தது. இந்தத் தை மாதம் அந்த மகளே தலையில் கயிறு மாட்டிக் கூடை சுமக்கத் தொடங்கியபோது அது மறுபடி சூடேறியது. கோபம் பாவம் என்று பங்குச்சாமி பிரசங்கம் வைப்பார். ஒவ்வோர் இரவும் செபமாலையின் கடைசி மணியில் அவள் ஆண்டவரிடம் சொல்லிவைத்தாள்: ‘மத்ததுக்கெல்லாம் மன்னிப்புக் கேக்குறேன் சாமி. இதுக்குக் கேக்க மாட்டேன்.’

அதற்கடுத்த மாசியில்தான் கொழும்பிலிருந்து ஸ்ரீஸ்கந்தராஜா வந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பொருளாதாரம் படித்தவர். ஒருவருக்கு ஏன் கூடுதல் கூலி, இன்னொருவருக்கு ஏன் குறைவு என்று ஆராய்ந்து எழுதுவது அவருடைய வேலை. தெமோதரைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் ஆறு நாள் தராசுக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு பெண்ணின் வயது, அனுபவம், கொழுந்தின் நிறை எல்லாம் எழுதிக்கொண்டார். வெயிலில் நின்று மூக்கு உரிந்துபோயிருந்தது.

ஆறாம் நாள் இருதயம்மா துணிந்து கேட்டாள். “ஐயா, எங்களுக்கு ஏங்க கொறச்சல்?”

அவர் முகம் மலர்ந்தது. “நல்ல கேள்வி அம்மா. வேலைப் பாரத்தைப் பாப்பம், அனுபவத்தைப் பாப்பம், எடுக்கிற நிறையைப் பாப்பம். ஒவ்வொண்டாலையும் எவ்வளவு வித்தியாசம் வருகுது எண்டு கழிச்சுக்கொண்டு போவம்.”

“எல்லாங் கழிச்சும் மிச்சம் இருந்தா?”

“அதுக்குக் காரணம் தெரியேல்லை எண்டு எழுதுவம்.”

“காரணந் தெரியலேன்னா அத எங்ககிட்டக் குடுத்துர வேண்டியதுதானேங்க!”

நிறுவை வரிசையில் பின்னால் நின்ற அங்கம்மா வாயைப் பொத்திச் சிரித்தாள். அவரும் சிரித்தார். பிறகு புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். சிரிப்பு நின்றுவிட்டது.

“இதைப் பாருங்கோ. முழுப் பேருக்குப் பதினாறு இறாத்தல் வேணும். எல்லாரும் பதினாறு, பதினேழு. இருபது வருசம் எடுத்த நீங்களும் பதினேழு, போன மாசம் வந்த உங்கட மகளும் பதினாறு. கைத்திறமை எண்டு ஒண்டு இருந்தால் நிறையிலே தெரிய வேணுமெல்லே? இது பழகத் தேவையில்லாத லேசான வேலை எண்டு தோட்ட முதலாளிமார் சொல்லீனம். இந்தக் கணக்கும் அதைத்தானே சொல்லுது?”

இருதயம்மா தன் காலையும் கையையும் பார்த்தாள். லேசான வேலை! அட்டை கடித்த காலும் கொழுந்துக் கறை ஏறிய விரலும் லேசான வேலைக்கு வந்தவையா?

பதினேழின் காரணம் அவளுக்குத் தெரியும். மலையில் எல்லாருக்கும் தெரியும். தராசுக்குப் போகுமுன், கை வேகமானவள் தன் கூடையிலிருந்து நோயாளிக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் புதியவளுக்கும் அள்ளிப் போடுவாள். பதினாறுக்கு மேல் எடுக்கும் கொழுந்துக்குச் சில சதம் கிடைக்கும். அதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. பதினாறு இல்லாதவளுக்கு அரைப்பேர். இந்தத் தோட்டத்தில் ஒரு மாதத்தில் மூன்று அரைப்பேர் விழுந்தால் செக்ரோல் பதிவேட்டில் பெயரையே வெட்டிவிடுவார்கள். அதோடு குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போய்விடும்.

இரண்டடி தள்ளிக் கணக்குப்பிள்ளை மரியநாயகம் நின்றார். வாயைத் திறந்தால் நாளைக்கே மலையில் காவல் போட்டுவிடுவார்.

“நாளைக்கும் இருப்பீங்களாங்க?”

“நாளைக்குப் பின்னேர ரயிலுக்குப் போறன்.”

“என் கூடைய நிறுத்துட்டுப் போங்க.”

அவர் அவளைக் கூர்ந்து பார்த்தார். “ஒரு ஆளெண்டாலும் கூடின நிறை காட்டினால் போதும் அம்மா. அதை வைச்சு நான் அங்கை வாதாடுவன்.”

மறுநாள் காலைப் பெரட்டுக்கு ஆள் கூடுமுன்பே மலை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. “இருதயம், தொரை தராசை ஒடச்சிராதடி!” என்று அங்கம்மா கத்தினாள். அன்று யாரும் அவளிடம் கொழுந்து கேட்பதில்லை என்று பேச்சு. வெயிலில் செடி காய்ந்து, மற்றவர்களுக்கு அவரவர் பதினாறே பெரும்பாடாக இருந்தது. இருதயம்மா தண்ணீர் குடிக்கக்கூட நிற்கவில்லை. ஒவ்வொரு கிள்ளலிலும் ‘லேசு, லேசு’ என்று பல்லைக் கடித்தாள். நாலு மணிக்குக் கயிறு தலையை அழுத்திய அழுத்தத்திலேயே நிறை தெரிந்துவிட்டது. இருபத்தாறு. குறையாது.

மற்றவர்கள் முன்னே இறங்கிப் போய்விட்டார்கள். கடைசி நிரையை முடித்துவிட்டு அவள் தனியாக வந்தாள். பாதை திரும்பும் பாறையடியில் ஒரு கூடை, கம்பளியால் மூடியிருந்தது. அவளோடு கொழுந்தெடுக்கும் இராக்கம்மாவின் கூடை. ஆளைக் காணோம். கீழே தண்ணீர்ப் பீலிப் பக்கமிருந்து அவளுடைய இருமல் மட்டும் கேட்டது.

மத்தியானம் அங்கம்மா இராக்கம்மாவிடம் கொழுந்து வேண்டுமா என்று கேட்டது நினைவுக்கு வந்தது. “எனக்கு நெறைஞ்சிருச்சு புள்ள, நீ போ” என்றிருந்தாள் இராக்கம்மா.

இருதயம்மா கம்பளியை விலக்கினாள். அடியில் கொஞ்சம். ஏழு இறாத்தல் தேறாது போலிருந்தது; கையால் தூக்கிப் பார்த்தாள். ஏழுதான்.

இந்த மாதம் இராக்கம்மாவுக்கு ஏற்கெனவே இரண்டு அரைப்பேர்.

“பாவி மகளே, இன்னைக்குத்தானா?” என்று விலக்கிய கம்பளியைப் பார்த்துத் திட்டினாள். கணக்குப்பிள்ளையைத் திட்டினாள். பதினாறு என்று முதலில் சொன்னவனை, அவன் யாராக இருந்தாலும், திட்டினாள். கீழே பென்சிலைச் சீவிக்கொண்டு அந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை காத்திருப்பார். மகளின் கேள்விக்கு இன்றைக்காவது ஒரு பதில் எழுதப்படும் என்றிருந்தாள்.

போன வருஷம் கரு கலைந்து, நிற்கவும் முடியாத நிலையில் இருதயம்மா மலைக்கு வந்தது பதினொரு நாள். பதினொரு நாளும் தராசில் அவளுக்குப் பதினாறு நின்றது. யார் போட்டது என்று ஒருநாளும் யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் அவள் கூடையில் மேலாக இருந்த கொழுந்து ஒரே சீராக, இராக்கம்மா கிள்ளுகிற மாதிரி, காம்பு கட்டையாக இருந்தது.

இருமல் பாதையில் ஏறி வரத் தொடங்கியது.

இருதயம்மா கூடையை இறக்கினாள். இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள். கோபம் தீரவில்லை, அள்ளுகிற கையும் நிற்கவில்லை. ஒன்பது இறாத்தல் என்று கை சொன்னபோது நிறுத்தி, கொழுந்தைத் தட்டிச் சமப்படுத்தி, கம்பளியை இருந்த மாதிரியே இழுத்து மூடினாள். பிறகு தன் பதினேழைத் தூக்கித் தலையில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் தராசை நோக்கி இறங்கினாள்.