ஈரம் புகாத டப்பா

கேரளத்துக் குட்டநாட்டில் மழை பிடித்ததிலிருந்து குரியாச்சனின் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. காலையில் விரலைக் குத்தி, சோதனைப் பட்டையில் ரத்தத்தைத் தொட்டு, கருவி காட்டும் எண்ணைக் கொச்சியிலிருக்கும் மகன் பினோயிடம் போனில் ஒப்பிப்பார். ஒரு நாள் முன்னூறு என்பார். மறுநாள் அதற்கும் மேலே. ஈரம் பட்டால் அந்தப் பட்டை கெட்டுப்போய்க் கண்டபடி எண் காட்டும் என்பது பினோய்க்குத் தெரியாததல்ல. பட்டையை ஈரம் புகாமல் அடைத்து விற்கும் டப்பாவை வடிவமைத்தவனே அவன்தான். அதனாலேயே பட்டையைச் சந்தேகிக்க அவனுக்குத் தோன்றவில்லை. பெற்ற அப்பனைச் சந்தேகித்தான்.

"சக்கவரட்டி பரணி எங்க இருக்கு அப்பச்சா?"

"இருக்கிற இடத்துலதான் இருக்கு. நான் தொடலடா மோனே."

"தொடாமலேயா முன்னூறு வருது? திருடித் தின்னுட்டுப் பொய் வேற."

குரியாச்சன் அரசாங்கப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு அதட்டலில் படகு நிறைய ஆளை உட்காரவைத்த மனிதர், மகன் திட்டி முடிக்கும்வரை போனைக் காதிலேயே பிடித்திருந்தார். அடுத்த தடவை ஊருக்கு வந்த பினோய், வெல்லமும் பலாவும் மணக்கும் அந்த இனிப்பு ஜாடியைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்தான். எதற்கு என்று அவர்கள் கேட்க, காரணத்தையும் விலாவாரியாகச் சொல்லிவிட்டு வந்தான். அதற்குப் பிறகு கிழவர் கல்யாண விருந்துக்குக்கூடப் போகவில்லை. டாக்டரோ எண்களை நம்பி இன்சுலினைக் கூட்டிக்கொண்டே போனார்.

ஒரு மத்தியானம் படகுத்துறையில் குரியாச்சன் சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை நாற்பதுக்கு இறங்கியிருந்தது. பினோய் அலறிப் புடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். ஏறி நின்ற சர்க்கரை எப்படி இப்படி விழும் என்று அவன் டாக்டரிடமே சண்டைக்குப் போனான். அவர் மாற்றுத் துணி எடுத்துவரச் சொன்னார், கூடவே வீட்டிலிருக்கும் பட்டை டப்பாவையும்.

டப்பா சமையலறை ஜன்னலில் இருந்தது. ஜன்னலுக்குக் கீழே காயல் தண்ணீர். டப்பாவின் தலைமேல் எவர்சில்வர் டம்ளர் ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மூடி தனியாகக் கிடந்தது. அதன் விளிம்பெல்லாம் கத்தி நெம்பிய கீறல். ஒரு பக்கம் பல் பதிந்திருந்தது.

பினோய் அந்த மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்தான்.

அவன் வரைந்த முதல் மூடி இவ்வளவு இறுக்கமில்லை. ஆபீஸில் ஈரக் காற்றை நிரப்பிச் சோதிக்கும் அறையில் வைத்தபோது துளியூண்டு ஈரம் உள்ளே போனது. மூடிக்குள் டப்பாவைக் கவ்விப் பிடிக்கும் வரம்பை இன்னும் தடிமனாக்கினான். ஒரு பொட்டு ஈரம் நுழையவில்லை. ஆபீஸே அவனைக் கொண்டாடியது. வயதானவர்கள் கையில் கொடுத்துத் திறந்து பார்ப்பதுதான் அங்கே வழக்கம். மழைக்கு முன் டப்பா கடைக்குப் போயாக வேண்டுமென்ற அவசரத்தில், கணக்குப் பிரிவு ஆட்களை வைத்தே அந்தச் சடங்கை முடித்தான். அவர்களில் ஓய்வு பெறப்போகும் பொன்னம்மா மட்டும், "இதத் திறக்க ஆசாரி வரணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

டாக்டர் அந்தப் பட்டையிலும் ஆஸ்பத்திரிப் பட்டையிலும் ஒரே ரத்தத்தைத் தொட்டுக் காட்டினார். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத எண்கள். பினோய்க்கு அவமானத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கட்டிலருகே போய் அப்பாவின் கையைப் பிடித்தான். முடிச்சு முடிச்சாக வீங்கிய விரல்கள் பாதிக்கு மேல் மடங்கவில்லை. இத்தனை வருஷமாக இந்தக் கையைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன் என்று நினைத்தான்.

"உன் கம்பெனியில இதச் சொல்லிடாத. டப்பா மேல குத்தமில்ல, என் வெரல்தான் மரக்கட்டை" என்றார் குரியாச்சன்.

"இல்ல அப்பச்சா. மூடிய இறுக்கினது நான். வயசானவங்க கையில குடுத்துப் பாக்கணும், பாக்கல. பாக்காமலே சரியா இருக்குன்னு எழுதிக் குடுத்தேன். உங்களத் திருடன்னேன்."

கிழவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் திட்டவில்லை. முகத்தில் கலவரம்தான் ஏறியது.

"அப்போ திறந்து வெச்சா எண்ணு தப்பாவா காட்டும்?"

"ஆமா."

"சர்ச்சுல எல்லாக் கிழவனும் கிழவியும் அந்த டப்பாவத் திட்டுறாங்கடா. என் புள்ள செஞ்சத யாராவது திட்டினா எனக்குப் பொறுக்குமா? கத்தியால ஒருதரம் நெம்பிட்டு டம்ளரக் கவுத்து வெச்சுடுங்க, அவ்வளவுதான்னு நான்தான் ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிக் குடுத்தேன்."

பினோய் மன்னிப்புக் கேட்கக்கூட நிற்கவில்லை. அவர்கள் பேர்களைச் சொல்லச் சொல்லிப் போனை எடுத்தான். குரியாச்சன் முதலில் வர்க்கிச்சன் பேரைச் சொன்னார். மனைவி போனபின் தனியாக இருப்பவர், போன வாரம்தான் இன்சுலினைக் கூட்டினார்கள் என்றார். பினோய் எண்ணை அழுத்தினான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.