ஒத்திகை பார்த்த கண்டுபிடிப்பு

நடுவர்கள் வருவதற்கு இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. எட்டாம் வகுப்பு அதே கண்டுபிடிப்பை நான்காவது தடவையாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது.

ஆறு மேசைகள். மேசைக்கு ஒரு பெட்டி. பெட்டிக்குள் கம்பி, பேட்டரி, ஒலிப்பான், சின்னச் சர்க்யூட் பலகை. பிள்ளைகள் தாமாக யோசித்து ஒரு கருவி செய்ய வேண்டும், அதுதான் பாடம். எந்த மேசை எதை யோசிக்கும் என்று தியெப் டீச்சர் போன வாரமே பிரித்துக் கொடுத்துவிட்டாள். மூன்றாவது மேசை முதலில் தோற்க வேண்டும். பேட்டரியைத் திருப்பிப் போட்டு, "அடடா" என்று சொல்லிவிட்டு, பிறகு சரிசெய்ய வேண்டும்.

"இன்னும் கொஞ்சம் வருத்தமா சொல்லுடா," என்றாள் ஹாங். அறிவியல் ஆசிரியர்களில் மூத்தவள். பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "விழாத லாட்டரிச் சீட்டக் கிழிச்சுப் போடுற மாதிரி சொல்ற."

வகுப்பு சிரித்தது. தியெப் சிரிக்கவில்லை. மூன்று ஆண்டுகளாக அவள் ஒப்பந்த ஆசிரியை. நாளை நடுவர்கள் முன்னால் நடத்தும் இந்தப் பாடத்தில் தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் கோடை விடுமுறையோடு சரி.

ஆறாவது மேசைக்கு மழை மணி என்று எழுதியிருந்தாள். இரண்டு கம்பி முனைகளில் தண்ணீர் பட்டால் ஒலிக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த மேசையிலிருந்த மியென் என்ற பெண், மூன்றாம் ஒத்திகையன்று இரண்டு பாட்டிலில் வாய்க்கால் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒன்றில் கம்பிகளை விட்டபோது ஒலிப்பான் முனகியது. மற்றதில் அலறியது.

"எ... எது உப்புத் தண்ணின்னு தெ... தெரிஞ்சிடும், டீச்சர். அப்பா நா... நாக்குல வச்சுத்தான் பாப்பாரு. போன வருஷம் த... தப்பாப் போச்சு."

மழை இல்லாத மாதங்களில் கடல், ஹாம் லுவாங் ஆற்றின் வழியே வாய்க்கால்களுக்குள் ஏறிவிடும். போன ஆண்டு அந்த உப்புத் தண்ணீரை இறைத்துத்தான் அவள் அப்பாவின் துரியன் பழமரக் கன்றுகள் ஒரே வாரத்தில் கருகின.

யாரும் பிரித்துக் கொடுக்காத யோசனை அந்த வகுப்பில் அது ஒன்றுதான். தியெப் மழை மணியை எடுத்துவிட்டு இதைப் பாடத்தின் முடிவில் வைத்தாள். எழுந்து நின்று விளக்கும் வேலையை வகுப்புத் தலைவன் கியெத்திடம் கொடுத்தாள்.

ஒத்திகை முடிந்ததும் ஹாங் ஐஸ் காப்பியோடு வந்தாள்.

"கியெத் நல்லாத்தான் சொல்றான். அந்தப் பொண்ண என்ன பண்ணப் போற?"

"பக்கத்துல சும்மா நிக்கும், அக்கா."

"நிக்காதுடி. அவ செஞ்சது. வாயத் திறப்பா. திறந்தா உன் நாப்பத்தஞ்சு நிமிஷமும் அவளுக்கே பத்தாது."

"எனக்கு மனசு வரல."

"மனசு வந்து வந்துதான் மூணு வருஷமா ஒப்பந்தத்துல இருக்க."

மாலையில் மியென் கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். தியெப் அருகே போய் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசினாள். மியென் தலையாட்டினாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று தியெப்புக்கு இருந்தது.

"பா... பாட்டில் மூடிய இறுக்கி மூடச் சொல்லுங்க, டீச்சர். சி... சிந்திடும்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் ஆறாவது மேசையில் ஒரு நாற்காலி குறைவு. எங்கே அந்தப் பெண் என்று தலைமையாசிரியர் கேட்டார். "காய்ச்சல், சார்," என்றாள் தியெப். அவர் போய் மூன்று நடுவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பாடம் எண்ணெய் போட்டதுபோல ஓடியது. எதைக் கேட்டாலும் வகுப்பு முழுக்கக் கை தூக்கியது. பதில் தெரிந்தால் வலக்கை, தெரியாவிட்டால் இடக்கை. டீச்சர் வலக்கையைப் பார்த்து எழுப்புவாள். மூன்றாவது மேசை அழகாகத் தோற்றது. கடைசியில் கியெத்தின் பாட்டிலில் ஒலிப்பான் அலற, நடுவர் ஒருவர் கைதட்டினார்.

நரைத்த தலையோடு இருந்த மூத்த நடுவர் எழுந்து அவனிடம் வந்தார்.

"எங்க வீட்டுலயும் தோட்டம் இருக்கு, தம்பி. அதே தண்ணி காலையில ஒரு மாதிரியும் மத்தியான வெயில்ல ஒரு மாதிரியும் சத்தம் போட்டா, எத நம்புறது?"

ஒத்திகையில் இல்லாத கேள்வி. கியெத் டீச்சரைப் பார்த்தான். பிறகு பழக்கத்தில் இடக்கையைத் தூக்கினான். அவனைப் பார்த்து மற்றவர்களும் தூக்கினார்கள். வகுப்பில் ஒரு வலக்கைகூட இல்லை.

நடுவர்களும் ஆசிரியர்கள்தான்; இந்தக் கை வித்தை அவர்களுக்கும் தெரியும். மூத்தவர் ஒரு கணம் சன்னலைப் பார்த்தார்.

"சரி, பரவால்ல. யோசனை நல்லா இருக்கு. உன்னுதுதானே? பேரச் சொல்லு, எழுதிக்கறேன்."

பேனா தயாராக இருந்தது. கதவோரம் நின்ற ஹாங், சொல் என்று கியெத்துக்குத் தலையசைத்தாள். அவன் காதுகள் சிவந்திருந்தன. அவன் தியெப்பைத்தான் பார்த்தான். வாயைத் திறந்தான். தனக்காக இல்லை, டீச்சருக்காகச் சொல்லப்போகிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

"அவனுது இல்ல," என்றாள் தியெப். தலைமையாசிரியர் பக்கம் திரும்பினாள். "மியென் செஞ்சது. அவளுக்குக் காய்ச்சல் இல்ல, சார். பேசினாத் திக்கும். இன்னிக்கு வராதேன்னு நான்தான் சொன்னேன்."